பரம்பரை ரைஃபிள்: துடைத்து வைப்பதா, பழுதுபார்ப்பதா, புதுப்பிப்பதா?

தாத்தா காலத்து ரைஃபிள் ஒன்று வாரிசாகக் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கேட்பது, "இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. என்ன வேலை பார்க்கப் போகிறோம்? ஒரே துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டும் வைக்கலாம், பழுதை மட்டும் நீக்கலாம், புதிதுபோல் ஆக்கலாம், குழலையே மாற்றலாம், செயலிழக்கச் செய்து கண்ணாடிப் பெட்டியிலும் வைக்கலாம். செலவும் காலமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. தவறாகத் தேர்ந்தெடுத்தால் திரும்பி வர முடியாத வேலைகளும் இவற்றில் உண்டு.

தமிழ்நாட்டில் இப்படி வரும் ரைஃபிள்களில் அதிகம் பார்ப்பது .315 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அங்குலக் கணக்கில். பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்களிடம் புழங்கக் கூடாது என்பதால், அந்த ராணுவ ரைஃபிளின் லீ-என்ஃபீல்ட் வகை அமைப்பை 8×50ஆர் மான்லிகர் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிச் செய்தது இது. இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனமும் செய்தது, வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையும் செய்தது. .22 ரைஃபிள்களும் வரும். நீலகிரி, ஆனைமலை எஸ்டேட் குடும்பங்களிலிருந்து எப்போதாவது ஒரு பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைஃபிள் வெளியே வரும். இந்தக் கட்டுரை .315-ஐ மையமாக வைத்தது. மற்றவற்றுக்குக் கணக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

காகிதம். உரிமதாரர் இறந்துவிட்டால், சொந்த உரிமம் இல்லாமல் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க வாரிசுக்கும் அனுமதி இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மீதமிருக்கும் தோட்டாக்களையும் சேர்த்துத்தான். பிறகு 2016 ஆயுத விதிகளின் 25-ஆவது விதிப்படி வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்கலாம். மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகம், சென்னையில் போலீஸ் கமிஷனர் அலுவலகம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய உரிமம், மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொடுப்பது ஆகியவை வேண்டும். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே செய்துகொள்ள வழியும் அதே விதியில் உண்டு: அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம். அந்த வாய்ப்பு இருக்கும் குடும்பங்கள் தள்ளிப்போடாமல் செய்துகொள்வது நல்லது.

இன்னொரு தடை 2019 திருத்தத்தில் வந்தது. ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாரிசாக வருவதும் அந்த இரண்டில் அடங்கும். ஏற்கெனவே இரண்டு இருப்பவருக்குக் கீழே வரும் முதல் நான்கு வழிகளும் இல்லை. அதேபோல .303 தடைசெய்யப்பட்ட காலிபர். அதன் கோப்பு கலெக்டர் அலுவலகத்தோடு முடியாது, உள்துறை அமைச்சகம் வரை போகும். காகிதம் முடியும் முன் பழுதுபார்க்கும் பேச்சே வேண்டாம். துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்பதால், நன்றாக வேலை தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் கொடுப்பது அவரையும் உங்களையும் சேர்த்தே சிக்கலில் மாட்டும்.

எஃகு. குழல், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும், முன்பின் நகரும் பாகம்) பூட்டும் இடம் ஆகிய மூன்றின் உறுதி. மரக்கட்டை பிளந்திருந்தாலும், வெளியே துரு பிடித்திருந்தாலும் சரிசெய்யலாம். இந்த மூன்றில் குறை இருந்தால் முடிவே மாறிவிடும்.

தோட்டா. இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராகும் .315, .22 தோட்டாக்களுக்கு வழி உண்டு. பழைய பிரிட்டிஷ் காலிபர் பலவற்றுக்கு இங்கே தோட்டா கிடைப்பதே அரிது. தோட்டா கிடைக்காத ரைஃபிளைச் சுடும் நிலைக்குக் கொண்டுவரப் பணம் செலவழிப்பதில் பயன் இல்லை.

பயன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இது வேட்டைக்கான கருவி அல்ல. ரைஃபிள் கிளப்பில் குறிபார்த்துச் சுடுவது, தற்காப்பு, குடும்பச் சொத்தாக வைத்திருப்பது ஆகிய மூன்றில் எதற்கு என்று முதலில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அசல் தன்மை. பழைய கருநீலப் பூச்சு, கட்டையில் உள்ள முத்திரைகள், எண்கள். இவை ஒருமுறை போனால் போனதுதான்.

## முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனை

இதைச் செய்யாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். துப்பாக்கி வணிகரிடம் இருந்தால் அங்கேயே, அவர் முன்னிலையில் பார்க்கலாம்.

முதலில் மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். கண் மட்டும் போதாது; நிறம் மங்கிய தோட்டா இருட்டில் தெரியாது. துருவால் போல்ட் திறக்கவில்லை என்றால் உள்ளே தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொண்டு, சுத்தியலைத் தொடாமல் கன்ஸ்மித்திடம் (உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம்) விட்டுவிடுங்கள்.

போல்ட்டைக் கழற்றியதும் குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லீ-என்ஃபீல்ட் வகையில் போல்ட்டைக் கடைசிவரை பின்னால் இழுத்து, போல்ட் தலையை மேல்நோக்கித் திருப்பினால் வெளியே வந்துவிடும். குளவிக்கூடு, உடைந்த துடைப்புக் கம்பி, பாதியில் நின்ற குண்டு என எது வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். வெளிச்சம் தெரியாவிட்டால் துடைப்புக் கம்பியை உள்ளே விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று குறியிட்டு, குழலின் வெளிப்புறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும்.

பிறகு சுத்தம். துடைக்காத குழலைப் பார்த்து "குழல் போச்சு" என்று தீர்ப்பு எழுதக் கூடாது. கரியும் செம்பும் படிந்த குழல், அரித்துப்போன குழலைப் போலவே கறுத்துத் தெரியும். வெண்கலப் பிரஷ், கரைப்பான், துணித்துண்டு என்று மாறி மாறி, பின்பக்கமிருந்தே செலுத்த வேண்டும். வாய்ப்பக்கமிருந்து கம்பியை விட்டால் அது வாய் விளிம்பைத் தேய்த்து, குறி தவற வைக்கும். துணியில் பச்சை, நீல நிறம் வந்தால் செம்பு இன்னும் இருக்கிறது. அம்மோனியா கலந்த கரைப்பானைக் குழலுக்குள் ஊறவிட்டு மறந்துவிட வேண்டாம். கால் மணி நேரத்துக்குள் துடைத்து எடுத்துவிடுங்கள்.

பழைய ராணுவ, வேட்டைத் தோட்டாக்களின் பிரைமரில் (அடியில் உள்ள தீமூட்டும் சிறு மூடியில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு குழலில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவாகும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். சுட்டபின் எண்ணெய் மட்டும் போட்டுப் பத்திரமாக வைத்ததாக நினைத்த குழல்கள்கூட உள்ளே அரித்திருப்பதற்குக் காரணம் இதுதான். சுத்தம் செய்தபின் தெரியும் குழிகளை இப்படிப் படிக்கலாம்:

- குழலுக்குள் மரையின் (குண்டைச் சுழற்றும் சுருள் வரிகளின்) பள்ளங்களில் அங்கங்கே ஆழமில்லாத குழிகள்: சுடலாம். சீக்கிரம் அழுக்குப் பிடிக்கும், துடைக்க நேரமாகும், அவ்வளவுதான்.
- மரையின் மேடுகளே உருண்டு மழுங்கியிருத்தல்: சுடும், ஆனால் குறி பரவும்.
- சேம்பருக்குள் குழிகள்: சுட்ட தோட்டாக்கூடு அதில் பிடித்துக்கொண்டு வெளியே வராது. கன்ஸ்மித்தின் தீர்ப்பு தேவை.
- குழலைச் சுற்றி ஒரு கரு வளையம், வெளியே விரலில் தட்டுப்படும் புடைப்பு: எப்போதோ அடைப்போடு சுட்ட அடையாளம். அந்தக் குழலில் இனி சுடக் கூடாது.

அடுத்து எண்கள். போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் (போல்ட் ஓடும் இரும்புச் சட்டத்தில்) உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லீ-என்ஃபீல்ட் வகையில் போல்ட்டை அந்தந்த உடலுக்கென்று பொருத்துவார்கள். காவல் நிலையக் கிடங்கில் பல துப்பாக்கிகள் ஒன்றாகக் கிடக்கும்போது போல்ட் மாறிப்போக வாய்ப்புண்டு. மாறிய போல்ட்டால் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி, கூடிவிடலாம். அதிகமான இடைவெளியில் சுட்டால் கூடு அடிப்பக்கத்தில் நீண்டு, ஒருநாள் இரண்டாகப் பிளந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும். அளவுமானி இல்லாமல் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

காலிபர் சந்தேகமாக இருந்தால் சேம்பரை வார்ப்பு எடுக்கச் சொல்லுங்கள். செரோசேஃப் என்ற கலப்பு உலோகம் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்குக் கீழேயே உருகிவிடும். சேம்பரில் ஊற்றி இறுகியதும் எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் உண்மையான அளவு கிடைக்கும். உரிமத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பித் தோட்டா வாங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | கண்ணில் படாத செலவு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|
| துடைத்துப் பாதுகாப்பது | சுடும் எண்ணமில்லை, அசல் நிலை நல்லது | தொடர்ந்த பராமரிப்பு, உரிமப் புதுப்பிப்பு | முடியும் |
| பழுதை மட்டும் நீக்குவது | குழலும் சேம்பரும் உறுதி, தோட்டா கிடைக்கும் | ஸ்க்ரூ, சிறு பாகங்களை லேத்தில் செய்வது | பெரும்பாலும் முடியும் |
| முழுப் புதுப்பிப்பு | அசல் பூச்சு ஏற்கெனவே போய்விட்டது | எண்கள் மங்கும் அபாயம், விற்பனை மதிப்புக் குறைவு | முடியாது |
| குழல் மாற்றம் | மற்ற பாகமெல்லாம் நன்று, குழல் மட்டும் கெட்டது | அனுமதி, சோதனை, நீண்ட காத்திருப்பு | முடியாது |
| செயலிழப்பு அல்லது விற்பனை | உரிமம் கிடைக்காது, தோட்டா இல்லை, எஃகு கெட்டது | நோட்டீஸ் காலம், கிடங்கு வாடகை | முடியாது |

## வழி 1: துடைத்துப் பாதுகாப்பது

செலவு குறைவு, இழப்பும் இல்லை. சுட வேண்டும் என்ற தேவை இல்லாத குடும்பங்களுக்கு இதையே முதலில் சொல்வோம்.

மேலோட்டமான செந்துருவை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய 0000 ஸ்டீல் வுல்லால் மெதுவாக எடுக்கலாம். அதைவிட நல்ல முறை, கழற்றிய இரும்புப் பாகத்தை டிஸ்டில்ட் வாட்டரில் அரை மணி நேரம் கொதிக்க வைப்பது. செந்துரு கருந்துருவாக மாறும். மேலே நிற்கும் கரித்தூளை மென்மையான பிரஷ்ஷால் எடுத்துவிட்டு எண்ணெய் போட்டால், பழைய பூச்சோடு நிறம் ஒத்துப்போகும். குழாய்த் தண்ணீரில் கொதிக்க வைத்தால் அதிலுள்ள உப்பு கறையாகப் படியும். இதையும் உரிமம் பெற்ற கன்ஸ்மித்தே செய்யட்டும், குழலைக் கட்டையிலிருந்து பிரிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

கட்டைக்குத் தண்ணீரும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். அழுக்கை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மெல்லிசாகத் தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. தடியாகப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது. எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும்.

இந்த வழியின் தலைவலி நம் ஊர்த் தட்பவெப்பம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று, மலையில் மழைக்கால ஈரம். தோல் உறைக்குள் வைப்பது நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட ரசாயனம் இரும்பைத் தின்னும். உறையைத் தனியாக வைத்து, துப்பாக்கியை எண்ணெய் தடவி, காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில் நிறுத்துங்கள். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பி வரச் சில மாதம் ஆகும். கொடுப்பதற்கு முந்தின நாள் குழலுக்குள் கெட்டி எண்ணெயோ கிரீஸோ தடவி, போல்ட் எண்ணைக் குறித்துவைத்து, ரசீதில் போல்ட்டும் மேகசினும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல ரைஃபிள்கள் பல கெட்டுப்போவது இந்த மாதங்களில்தான். திரும்பி வந்ததும் அந்தக் கிரீஸை முழுக்கத் துடைத்தெடுப்பதும் முக்கியம்.

## வழி 2: பழுதை மட்டும் நீக்குவது

எஃகு உறுதி, தோட்டா கிடைக்கும், கிளப்பில் சுட ஆசை இருக்கிறது என்றால் இதுவே எங்கள் தேர்வு. வெளித்தோற்றத்தைத் தொடாமல், இயங்கும் பாகங்களை மட்டும் சரிசெய்வது.

பழைய ரைஃபிளில் "சுடவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி போல்ட்டுக்குள் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் போட்ட எண்ணெய் உள்ளே பசையாக இறுகி, ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) முழு வேகத்தில் பாய விடாது. பிரைமரில் லேசான தழும்பு மட்டும் விழும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று உடனே மாற்றச் சொல்ல வேண்டாம். முதலில் போல்ட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பாதிக்குப் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். பிறகும் தீரவில்லை என்றால் ஸ்பிரிங்கையும், பின் எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதையும் அளக்கலாம். லீ-என்ஃபீல்ட் வகையில் அது 1 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்க வேண்டும். குறைந்தால் வெடிக்காது, கூடினால் பிரைமரையே துளைத்துவிடும். பின்னின் நுனி துருவால் குழிந்து கூராகியிருந்தாலும் துளைக்கும்.

கூட்டை வெளியே இழுக்கவில்லை என்றால் எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கைப் பாருங்கள், மலிவான பாகம். தோட்டா சரியாக ஏறவில்லை என்றால் மேகசினின் உதடுகள் வளைந்திருக்கும். சேஃப்டி போட்ட பிறகு ட்ரிகரை அழுத்தி, விட்டு, சேஃப்டியை எடுக்கும்போது பின் விழுந்தால் அது ஆபத்தான தேய்மானம். அதைச் சரிசெய்யாமல் ஒரு தோட்டாவும் ஏற்றக் கூடாது. ட்ரிகரை இலகுவாக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. பழைய துப்பாக்கியில் கடினப்படுத்திய மேற்பரப்பு மெல்லிய தோல்போலத்தான் இருக்கும். அதை அரம் போட்டுவிட்டால் கீழே உள்ள மென்மையான இரும்பு சீக்கிரமே தேய்ந்து, தட்டினாலே வெடிக்கும் நிலை வரும்.

கட்டையில் பார்க்க வேண்டியது இரண்டு இடம். உடலுக்குப் பின்னால் ஒல்லியாகும் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்தால், அது பரவும் முன் நல்ல பசையும் உள்ளே ஒரு மரமுளையும் வைத்து நிறுத்தலாம். முன்கட்டைக்குள் உடல் அழுந்தி நிற்கும் இரண்டு தோள்கள் எண்ணெயில் ஊறி நசுங்கியிருந்தால், ஒவ்வொரு சூட்டிலும் உடல் கொஞ்சம் நகரும்; குறி நிலைக்காது. கடினமரத் துண்டு ஒட்டியோ எபாக்ஸி நிரப்பியோ சரிசெய்வார்கள். குழல் நன்றாக இருந்தும் குறி பரவுகிறது என்றால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும், அடுத்து வாய் விளிம்புக்கு. தேய்ந்த வாய் விளிம்பைச் சில மில்லிமீட்டர் மட்டும் புதிதாகச் சீவிச் சதுரமாக்கினால் குழலையே மாற்ற வேண்டியிராது.

அவசரத்தில் நடக்கும் ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய லீ-என்ஃபீல்ட் வகைகள் பலவற்றில் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட திருகாணியின் முனை, முன்கட்டைக்குள் உள்ள ஒரு தகட்டில் பூட்டிக்கொண்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்த நீண்ட திருகாணியைத் திருகினால் முன்கட்டை பின்முனையில் பிளந்துவிடும். வரிசை எப்போதும் முன்கட்டை முதலில், பின்கட்டை பிறகு. இது தெரிந்தவரா என்று ஒரு கேள்வி கேட்டாலே வேலைக்காரரின் தரம் தெரிந்துவிடும்.

மறைந்த செலவு ஸ்க்ரூவில் வரும். சாதாரண ஆப்பு வடிவத் திருப்புளியால் திருகி ஸ்க்ரூத் தலையெல்லாம் சிதைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் மரை அளவு இன்றைய ஹார்டுவேர் கடையில் கிடைப்பதில்லை, ஒவ்வொன்றாக லேத்தில் கடைய வேண்டும். மதிப்பீடு வாங்கும்போது இதைத் தனியாகக் கேளுங்கள்.

## வழி 3: முழுப் புதுப்பிப்பு

புதிய பூச்சு, புதிய கட்டை, பளபளப்பு. அதிகம் பேர் ஆசைப்படுவது இது. நாங்கள் அதிகம் தடுப்பதும் இதைத்தான்.

பூச்சுக்கு முன்னால் இரும்பைப் பஃபிங் (சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) செய்வார்கள். துருக்குழி மறையும்வரை பஃபிங் செய்தால் கூரான விளிம்புகள் உருண்டுபோகும், ஸ்க்ரூத் துளைகள் கிண்ணம்போல் குழியும், எழுத்துகள் மங்கும். எழுத்து மங்குவது அழகுப் பிரச்சினையோடு நிற்காது. ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளம் எதையும் அழிப்பதைக் குற்றமாக்குகிறது. உரிமத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் படித்து ஒப்பிட முடியாமல் போனால், அடுத்த புதுப்பித்தலில் பதில் சொல்ல வேண்டியவர் உரிமதாரர்தான். எண் உள்ள பகுதிகளைப் பஃபிங் சக்கரத்தில் காட்டக் கூடாது, கையால் மட்டுமே மெருகேற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள்.

பூச்சு முறையும் முக்கியம். காஸ்டிக் உப்புக்கரைசலில் 140 டிகிரி செல்சியஸ் அளவில் அமிழ்த்திச் செய்யும் சூடான ப்ளூயிங் (கருநீலப் பூச்சு) வேகமானது, .315 போன்ற ஒற்றைக்குழலுக்கு ஒத்துவரும். இரட்டைக்குழல் ரைஃபிளுக்கு அதைச் செய்யவே கூடாது. குழல்களை இணைக்கும் ஈயப்பற்று அந்தக் கரைசலில் அரிக்கப்பட்டுவிடும். இரண்டு குழலும் ஒரே புள்ளியில் அடிக்கும்படி செய்த ஒழுங்கும் அதோடு போகும். அதை மீட்பவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். இரட்டைக்குழலுக்கு மெதுவாகத் துருவேற்றி, கொதிக்க வைத்து, துடைத்து, திரும்பத் திரும்பச் செய்யும் பழைய முறை மட்டுமே. புட்டியில் வரும் குளிர்ப் பூச்சு சிறு கீறலை மறைக்க மட்டும் உதவும். முழுக்குழலுக்குப் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரிந்து சீக்கிரம் தேய்ந்துவிடும்.

புதுக்கட்டைக்கு நன்றாகக் காய்ந்த வால்நட், கழுத்துப் பகுதியில் நார் நீளவாக்கில் ஓடும்படி வெட்டியது வேண்டும். நார் குறுக்கே ஓடினால் எத்தனை அழகான மரமும் ஒருநாள் அங்கே ஒடியும். பழைய கட்டையைத் தூக்கி எறிய விடாதீர்கள், திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி சரியாகும் இடம் ஒன்று உண்டு. முந்தின தலைமுறையிலேயே யாரோ உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, அசல் தன்மையை முடித்துவிட்ட ரைஃபிள். இழக்க எதுவும் மீதமில்லாத அதற்கு நல்ல பூச்சு கொடுப்பது துருவைத் தடுக்கவாவது உதவும்.

## வழி 4: குழல் மாற்றம்

குழல் சட்டத்தின் கண்ணில் உதிரிபாகம் அல்ல, ஆயுதத்தின் பகுதி. அனுமதி இல்லாமல் தனியாக வாங்கவோ வரவழைக்கவோ முடியாது. காலிபர் மாறினால் உரிமத்தில் எழுதியதும் மாற வேண்டும். புதுக்குழலை அதிக அழுத்தத் தோட்டாவில் சோதித்து முத்திரை பெறாமல் தோளில் வைக்கக் கூடாது. இத்தனையும் முடித்தாலும், ஒரு சாதாரண .315-க்கு ஆகும் செலவில் உரிமத்தின் பேரில் வேறு நல்ல .315 ஒன்றை வாங்கிவிடலாம். குடும்ப நினைவுதான் முக்கியம் என்றால் முதல் வழி அதை இன்னும் நன்றாகக் காப்பாற்றும். ஆகவே இதை நாங்கள் யாருக்கும் முதல் தேர்வாகச் சொல்வதில்லை.

## வழி 5: செயலிழக்கச் செய்வது அல்லது விற்பது

உரிமம் கிடைக்காத வாரிசு, ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருப்பவர், தோட்டாவே கிடைக்காத காலிபர் ஆகிய மூன்று நிலைக்கும் வழி இதுதான்.

விற்பதானால் உரிமம் பெற்ற வணிகருக்கோ உரிமம் உள்ள தனிநபருக்கோ மட்டும். தனிநபருக்கு விற்கும் முன் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். தனியார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்ட நாட்டில், நல்ல நிலையில் உள்ள பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிக்கு மதிப்பு அதிகம். முதல் வணிகர் சொல்லும் விலைக்கே கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போவதால் அவசரப்படுத்துவார்கள்.

பெரிய காலிபர் இரட்டைக்குழல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். .450 கரும்பொடி எக்ஸ்பிரஸ் தோட்டாவின் கூட்டிலிருந்து 1898-இல் ஜான் ரிக்பி நிறுவனம், புகையில்லாப் பொடி நிரப்பிய .450 நைட்ரோ எக்ஸ்பிரஸை உருவாக்கியது. கூட்டின் அளவு ஒன்று, அழுத்தம் வேறு. கரும்பொடிக்கு மட்டும் சோதித்த குழலில் நைட்ரோ தோட்டா ஏறிவிடும், குழலைக் கிழித்துவிடும். குழலின் அடிப்பக்கத்தில் கிரீடத்தின் கீழ் என்.பி. என்ற எழுத்து இருந்தால் நைட்ரோ சோதனை ஆனது, பி.பி. மட்டும் இருந்தால் கரும்பொடி. அந்த .450 காலிபரை பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் தடைசெய்ததால்தான் .470, .500/.465 போன்றவை பிறந்தன. மலைப்பிரதேச வீடுகளில் அவை அகப்படுவதும் அதனால்தான். இவற்றின் மதிப்பு சுடுவதில் இல்லை, கெடாமல் இருப்பதில் இருக்கிறது. ஒன்று கிடைத்தால் துணியால் துடைப்பதைத் தவிர எதுவும் செய்யாமல், விவரம் தெரிந்த வணிகரிடம் காட்டுங்கள்.

செயலிழக்கச் செய்வது உரிமம் வழங்கும் அதிகாரியின் அனுமதியோடு, உரிமம் பெற்றவர் கையால், சான்றிதழோடு நடக்க வேண்டும். "துரு பிடித்து எதற்கும் ஆகாமல் கிடக்கிறது, உரிமம் எதற்கு?" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு தருவது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான். பழுதுபார்த்தால் சுடும் என்றால் அது இன்றும் துப்பாக்கி, உரிமமில்லாமல் வைத்திருந்தால் வழக்கு.

## வேலைக்கு விடும்போது

உங்கள் உரிமம் செல்லும் எல்லைக்குள் கன்ஸ்மித் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வெளிமாநிலத்துக்கு எடுத்துச் செல்லத் தனி அனுமதி வேண்டியிருக்கும். கொடுக்கும்போது இருபுறமும் படம் எடுத்து, உடல் எண், போல்ட் எண், மேகசின் எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைச் செய்யக் கூடாது என்பதையும் எழுதுங்கள்: "பஃபிங் வேண்டாம், கட்டையில் உப்புத்தாள் வேண்டாம், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்."

தாத்தா விட்டுச் சென்ற தோட்டாக்களைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். பித்தளை பச்சை பூத்து, கழுத்து நுண்ணிய விரிசல் விட்டிருக்கும். புதுத் தோட்டா, உரிமம் பெற்ற சுடுதளம், தாங்கியில் இறுக்கிக் கட்டிய ரைஃபிள், தடுப்புக்குப் பின்னால் நின்று கயிற்றால் ட்ரிகரை இழுப்பது. ஒரே ஒரு தோட்டாதான் ஏற்ற வேண்டும். கூடு வெளியே வந்ததும் அதைப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் இருந்தால் ஹெட்ஸ்பேஸ் இன்னும் அதிகம். பிரைமர் துளைபட்டிருந்தால் பின் நீளம் அல்லது நுனி சரியில்லை. கூடு சிரமப்பட்டு வந்து, மேலே கீறல்கள் இருந்தால் சேம்பரில் குழி. இவற்றில் எது தெரிந்தாலும் இரண்டாவது தோட்டா ஏற்றாமல், அந்தக் கூட்டையும் ரைஃபிளையும் சேர்த்துக் கன்ஸ்மித்திடமே திருப்பிக் கொடுங்கள்.